‘போர்டு போய்விட்டது’: பழைய மின்விசிறி ஏன் இன்னும் சுற்றுகிறது?

மே மாதத்தில் ஒருநாள் மதுரையில் அம்மா வீட்டுக் கூடத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா 1979இல் வாங்கி மாட்டியது. கழற்றித் தோளில் சுமந்துகொண்டு தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை மேசைமேல் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனார். பேரிங் என்றார். ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டித் திறந்தார். உள்ளே நாற்பது வருடத் தூசியும் கறுத்து இறுகிய கிரீஸும். பழைய பேரிங் இரண்டையும் புல்லர் போட்டு இழுத்து எடுத்தார். ஓர் இரும்புக் குழாய்த் துண்டை மேலே வைத்துத் தட்டிப் புதியவற்றை இறக்கினார். நிறம் மங்காத செப்புக் கம்பிச் சுருளைத் தொட்டுக் காட்டி, இதற்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஓடும் என்றார். அரை மணி நேர வேலை. கூலியும் சாமானும் சேர்த்து 350 ரூபாய்.

அதே மாதம் சென்னையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. வாங்கி நான்கரை வருடம். நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றினார், மீட்டர் வைத்துப் பார்த்தார், உள்ளே இருந்த மின்னணுச் சுற்றுப் பலகையைக் காட்டி ‘போர்டு போய்விட்டது’ என்றார். அந்த மாடலுக்குப் போர்டு இப்போது வருவதில்லை, எங்காவது கிடைத்தாலும் ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாது, இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிவிடுங்கள் என்பது அவருடைய யோசனை. கம்ப்ரசருக்குப் பத்து வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டேன். கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்தவர் யாராக இருந்தாலும் ‘அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான்’ என்பார். நானும் அதையே சொன்னேன். ஆனால் அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் விட மனம் ஒப்பவில்லை. பார்த்தபோது தெரிந்தது இது: பழைய சாதனங்களும் பழுதாகத்தான் செய்தன, சொல்லப்போனால் அடிக்கடி பழுதாயின. அவற்றின் பழுது மலிவான இடத்தில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தெருமுனைக் கடைக்காரருக்குப் பெயர் தெரிந்த இடத்தில் வந்தது. இன்றைய சாதனத்தில் அது விலை கூடிய இடத்தில், திறந்தாலும் புரியாத இடத்தில் வருகிறது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

மூன்றே நோய்

கூரையில் தொங்கும் பழைய மின்விசிறியைத் திறந்தால் அதில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நடுவே அசையாமல் நிற்கும் இரும்புத் தகட்டு அடுக்கு, அதில் சுற்றிய இரண்டு வகைச் சுருள்கள், அதைச் சுற்றி ஓடும் வெளிக்கூடு, மேலும் கீழும் ஒவ்வொரு பேரிங், வெளியே ஒரு சிறிய கண்டென்சர். ஒரு முனை மின்சாரத்தில் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது என்பதால், இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை அந்தக் கண்டென்சர் சற்று முன்தள்ளி விடுகிறது. அந்த வித்தியாசத்தில் காந்தப்புலம் சுழல்கிறது, கூடு பின்தொடர்கிறது. சுழலும் பகுதிக்குக் கம்பி இணைப்பே கிடையாது. தேய்வதற்கு இருப்பவை பேரிங் குண்டுகள் மட்டும்.

எனவே அதற்கு வரும் நோய்களும் மூன்றுதான். சத்தம் வந்தால் பேரிங். வேகம் குறைந்தால் கண்டென்சர். கருகிய வாசனை வந்தால் காயில். இந்த மூன்று வரி போதும், எந்த ஊர் எலக்ட்ரீஷியனும் ஏணியில் ஏறும் முன்பே நோயைச் சொல்லிவிடுவார். பேரிங்குகள் உலகம் முழுவதும் ஒரே அளவில் கிடைக்கும் 6201, 6202 போன்ற எண் கொண்டவை. சைக்கிள் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும். கண்டென்சர் இரண்டரை மைக்ரோஃபாரட், எந்த நிறுவனத்துடையதையும் எந்த விசிறியிலும் போடலாம். காயில் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவிவிட்டு, அதே தடிமனில் அதே எண்ணிக்கைச் சுற்றுப் புதிதாகக் கட்டலாம். இதில் எந்த இடத்திலும் தயாரித்த நிறுவனத்தின் தயவு தேவையில்லை. அம்மா வீட்டு விசிறியைச் செய்த நிறுவனம் இன்று இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மிக்ஸியில் இந்த அறிவு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. நம் ஊர் மிக்ஸியின் கதையே ஒரு பழுதில்தான் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் மும்பையில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில், வெளிநாட்டு பிரவுன் மிக்ஸி நம்முடைய அரைவைக்குத் தாங்காமல் எரிந்துபோனது. மாவும் மசாலாவும் அரைக்கத் தோதாக வலுவான மோட்டார் வைத்து அவர் உருவாக்கியதே 1963இல் வந்த சுமீத். அன்றிலிருந்து இந்திய மிக்ஸி என்றால் பெரிய மோட்டாரும், இரைச்சலும், எதையும் அரைக்கும் திமிரும்தான்.

அந்த மோட்டாருக்கும் ஜாருக்கும் இடையே ஒரு சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கப்ளர் இருக்கும். ஜாரில் தேங்காய்த் துண்டு சிக்கி பிளேடு இறுகிக்கொண்டால், அந்தக் கப்ளரின் பல் உடையும். பல் உடைவதால் மோட்டார் பிழைக்கும். அதையும் மீறிப் பாரம் ஏறினால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தும்; ஐந்து நிமிடம் ஆறவிட்டு அதை அமுக்கினால் மறுபடி ஓடும். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்தால் தீப்பொறி தெரியும், மாற்றலாம். நாற்பது, ஐம்பது ரூபாய்ச் சாமான் முன்னால் நின்று அடி வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள மோட்டாரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. எது முதலில் உடைய வேண்டும் என்று வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். ஒரு சாதனத்தை நல்ல சாதனம் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூர் கிரைண்டரும் இந்தக் குடும்பம்தான். 1955இல் பி. சபாபதி மோட்டாரையும் கல்லையும் இணைத்துச் செய்த அந்த இயந்திரத்தில் இன்றுவரை சாரம் மாறவில்லை: மோட்டார், பெல்ட், கல். பெல்ட் அறுந்தால் பெல்ட் மாற்றுவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தரத்தைப் பற்றிக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று யாரும் விழிக்கவில்லை. எந்தச் சிற்றூரிலும் கப்ளரும் பெல்ட்டும் கார்பனும் தொங்கவிட்ட கடை ஒன்று ஏற்கெனவே இருந்தது.

போர்டு எங்கிருந்து வந்தது

பிறகு ஏன் இந்த எளிமையை விட்டோம்? மின்சாரத்துக்காக. இதை மறைத்துவிட்டுப் பழையதைப் புகழ்வது நேர்மையாகாது.

பழைய மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி (கார்பன் பிரஷ் இல்லாத நேர்திசை மோட்டார்) என்று இப்போது விற்கும் விசிறிகள் அதே காற்றை 28, 30 வாட்டில் தருகின்றன. ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,500 ரூபாய். நான்கு விசிறி ஓடும் வீட்டில் இது சின்னக் கணக்கு அல்ல. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டதும் இதற்காகத்தான்.

ஃபிரிட்ஜில் கணக்கு இன்னும் பெரிது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் விற்ற ஃபிரிட்ஜ் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் தின்றது. இன்று அதைவிடப் பெரிய பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. தாத்தா வீட்டில் முப்பது வருடம் ஓடிய ஃபிரிட்ஜ் என்று பெருமைப்படுகிறோம். அந்த முப்பது வருட மின்கட்டணத்தை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. அதற்குள் இருந்த ஆர்12 என்ற குளிரூட்டும் வாயு ஓசோன் படலத்தை அரித்ததையும், 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்துதான் அதை நிறுத்த வேண்டியிருந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த மிச்சமெல்லாம் எப்படி வருகிறது? மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவதால். பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்கு இரண்டே நிலை: ஓடும் அல்லது நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே இழுப்பாக இழுக்கும்; விளக்கு ஒரு கணம் மங்கி மீளும். இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் மெல்லக் கிளம்பி, மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை முதலில் 325 வோல்ட் அளவுக்கு நேர்திசையாக்கி, மறுபடி அதை நறுக்கி, வேண்டிய வேகத்துக்கு ஏற்ற அலையாக மோட்டாருக்கு ஊட்டவேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் போர்டு. பிஎல்டிசி விசிறியிலும், இன்வெர்ட்டர் ஏசியிலும், புதிய வாஷிங் மெஷினிலும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான்.

இதனால் மோட்டாருக்கும் கம்ப்ரசருக்கும் உழைப்பு குறைந்தது, ஆயுள் கூடியது. அந்தப் பத்து வருட உத்தரவாதம் பொய்யில்லை. அட்டையை முழுவதும் படித்தால் மட்டும் இன்னொன்றும் தெரியும்: கம்ப்ரசருக்குப் பத்து வருடம், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வருடம். எந்த உறுப்பின்மேல் தங்களுக்கு நம்பிக்கை, எதன்மேல் இல்லை என்பதைத் தயாரிப்பாளர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை நான்கரை வருடம் கழித்துத்தான் படித்தேன்.

வெப்பமும் வோல்டேஜும் பல்லியும்

போர்டில் முதலில் சாவது பெரும்பாலும் சிப் அல்ல. அதற்குப் பக்கத்தில் நிற்கும் உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் சாதாரண ரகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் வரும். இடைவிடாமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று அதிகம். 75 டிகிரியில் இரண்டு வருடம்கூட இல்லை. 45 டிகிரியில் பதினான்கு வருடம். ஒரே கண்டென்சர், ஒரே விலை. அதைக் காற்றோட்டமான மூலையில் வைத்தார்களா, சூடாகும் சிப்பை ஒட்டி நட்டார்களா என்பதில் பத்து வருடம் கூடுகிறது, குறைகிறது. மே மாதத்து மொட்டைமாடித் தளத்துக்கு ஓரடி கீழே தொங்கும் விசிறிக்குள் ஒரு போர்டை வைத்தால் அது என்ன பாடுபடும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வோல்டேஜ். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கிவிடும். செப்புச் சுருள் அந்த அடியைச் சில நிமிடம் தாங்கும், உறுமும், சூடாகும், நாம் ஓடிப்போய் சுவிட்சை அணைக்க அவகாசம் கொடுக்கும். போர்டில் உள்ள குறைகடத்தி கண் இமைக்கும் நேரம்கூடத் தராது.

இங்கே பழையதற்காகப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் தனியாக வீட்டுக்கு வரவில்லை; பக்கத்தில் ஸ்டெபிலைசர் ஒன்றும் வந்தது. முள் ஆடும் அந்த இரும்புப் பெட்டி இல்லாவிட்டால் குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் எரிந்துபோகும். அடி வாங்கியதெல்லாம் ஸ்டெபிலைசர். அது போனால் அதை மட்டும் ரிப்பேருக்குத் தூக்கிப் போவோம். ஃபிரிட்ஜ் அப்படியே நிற்கும். இன்று ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வேலையையும் போர்டுதான் சுமக்கிறது. வெளியே தனியாக நின்று அடி வாங்கிய ஒன்றை வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். மிக்ஸி கப்ளரில் பார்த்த அறிவுக்கு இது நேர் எதிர்.

மூன்றாவது நம் ஊருக்கே உரிய காரணம். ஏசியின் வெளிப்பெட்டிக்குள் சூடு தேடிப் பல்லி போகும், எறும்பு புற்று வைக்கும். பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் அதுவும் போய்விடும், போர்டும் போய்விடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று செப்புத் தடங்களில் பச்சை பூக்க வைக்கும். போர்டின்மேல் பாதுகாப்புப் பூச்சு பூசினால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், பூசாதவர்களும் இருக்கிறார்கள். கடையில் நின்று பார்க்கும் நமக்கு எது எதென்று தெரிய வழியில்லை.

டியூப் லைட்டில் இந்த மாற்றம் முழுவதையும் நம் கண் முன்னாலேயே பார்த்திருக்கிறோம். பழைய பட்டியில் இரும்பும் செப்பும் சேர்ந்த கனமான சோக் இருந்தது. உம்மென்று முனகும், தொட்டால் சுடும், மின்சாரத்தைக் கொஞ்சம் வீணாக்கும். ஆனால் வீடு இடிக்கும் வரை இருக்கும்; ஸ்டார்ட்டரை மட்டும் அவ்வப்போது மாற்றினோம். பிறகு எடை குறைந்த எலக்ட்ரானிக் சோக் வந்தது: மினுங்காது, முனகாது, மிச்சம் பிடிக்கும், இரண்டு மழைக்காலத்தில் போய்விடும். இப்போது எல்இடி. அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஒளி தரும் புள்ளிகள் அவ்வளவு காலம் உழைக்கக் கூடியவைதான். அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் சின்ன டிரைவர் அதற்கு முன்பே போய்விடுகிறது. எரியாத எல்இடி பல்பை உடைத்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் விளக்கு உயிரோடு இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

எஞ்சியவற்றை மட்டும் பார்க்கும் கண்

இனி மயக்கத்தின் பக்கம். அம்மா வீட்டில் 1979இல் மாட்டிய விசிறி மூன்று. கூடத்தில் ஓடுவது ஒன்று. மற்ற இரண்டு எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். ஒன்று 90களிலேயே எரிந்து பழைய இரும்புக் கடைக்குப் போனது. இன்னொன்றுக்கு இரண்டு முறை காயில் கட்டியும் சரிவராமல் தூக்கிப் போட்டார்கள். நான் கூடத்து விசிறியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்துச் சாமானைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். செத்துப்போனவை நம் கண்ணில் படுவதில்லை. எஞ்சியவை அன்றைய சராசரி அல்ல, அன்றைய ஆகச் சிறந்தவை.

உலகப் புகழ்பெற்ற அந்த பல்பும் அப்படித்தான். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. உடனே 1924இல் ஜெனீவாவில் பல்பு நிறுவனங்கள் கூடி ஆயுளை 1,000 மணி நேரமாகச் சுருக்கிய கதையைச் சொல்வார்கள். அந்தக் கூட்டணி உண்மை. மீறியவர்களுக்கு அபராதம் போட்டதும் உண்மை. ஆனால் லிவர்மோர் பல்பு இன்று தருவது சுமார் 4 வாட் வெளிச்சம், இரவு விளக்குக்கும் கீழே. இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு சீக்கிரம் மரணம். மங்கலாக எரிந்தால் நூறாண்டு இருக்கலாம். அதன் கீழே உட்கார்ந்து ஒரு வரி படிக்க முடியாது.

பழையவற்றில் ஆபத்தும் இருந்தது. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், துணி சுற்றிய ஒயர், செக்கச்செவேலென்று திறந்து கிடக்கும் சுருள் அடுப்பு. இவற்றில் ஷாக் அடித்து விழுந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த எளிமை திரும்பி வரவேண்டாம்.

விலையையும் மறக்கக்கூடாது. 1991க்கு முந்தைய ஆண்டுகளில் ஃபிரிட்ஜ் என்பது பல மாதச் சம்பளம். தயாரித்தவர்கள் சிலரே, வரி அதிகம். அப்பா மாதிரி ஒருவர் அதை வாங்கினால் அது இருபது வருடம் உழைத்தே ஆகவேண்டும் என்பது குடும்பத்தின் தீர்மானம். பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவு புதிய விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இப்போது விலை இறங்கிவிட்டது, கூலி ஏறிவிட்டது. விலையை இறக்கியதில் ஒரு பங்கு, சாமானைச் சுருக்கியதால் வந்தது. முன்பு எவ்வளவு இரும்பு போதும் என்று துல்லியமாகக் கணக்கிட முடியாததால் கூடுதலாகவே போட்டார்கள். இன்று கணினி ‘இவ்வளவு போதும்’ என்று சொல்லிவிடுகிறது. மலிவான மோட்டார்கள் சிலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். கவனமாகச் செய்யாவிட்டால் முதலில் இணைப்பில் சூடாகி அறுகிறது. வாஷிங் மெஷினில் வெளித்தொட்டியை ஸ்குரூ போட்டு இணைக்காமல் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள் சிலர்; உள்ளே பேரிங் போனால் தொட்டி முழுவதையும் மாற்றவேண்டும். எங்கள் அம்மா இன்னும் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கை விடாததற்குக் காரணம் இதுவே. முள்ளைத் திருகினால் கிர்ரென்று ஓடும் அந்த டைமரை யாரும் மாற்றித் தருவார்கள்.

சரி, ஆயுள் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமைக்காகச் செய்த ஆய்வு ஒன்று இதற்கு எண்களில் பதில் தருகிறது. பெரிய வீட்டுச் சாதனங்களின் சராசரிப் பயன்பாட்டுக் காலம் 2004க்கும் 2012-13க்கும் இடையே 14.1 ஆண்டிலிருந்து 13 ஆண்டாக இறங்கியது. இது பெரிய வீழ்ச்சி அல்ல. ஆனால் ஐந்து வருடத்துக்குள்ளேயே பழுதாகி மாற்ற நேர்ந்தவற்றின் பங்கு 3.5 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆக ஏறியது. சராசரி அதிகம் நகரவில்லை, இளம் வயதில் சாவது இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. என் ஃபிரிட்ஜ் அந்த வரிசையில்தான் வரும். திட்டமிட்டே சீக்கிரம் கெடவைக்கிறார்கள் என்பதற்கு அந்த ஆய்வு சான்று காணவில்லை. மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், ஓடிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுப் புதியதை விரும்பி வாங்கியவர்கள் என்றும் அது காட்டியது.

பிஎல்டிசி விசிறியில் ஓராண்டில் மிச்சமாகும் 1,500 ரூபாயில் அதற்கு ஒரு புதிய போர்டே வாங்கிவிடலாம், கிடைத்தால். எல்லாமே அந்த ‘கிடைத்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. போர்டு போவது குற்றமில்லை; பேரிங்கும் போகத்தான் செய்கிறது. பேரிங்குக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஓர் எண் இருக்கிறது. போர்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே ஒன்றின் போர்டு மற்றொன்றில் பொருந்தாது. போர்டின் சுற்றுப் படம் (சர்க்யூட் டயகிராம்) வெளியே வராது. சில போர்டுகளில் சிப்பின்மேல் உள்ள எண்ணைச் சுரண்டிவிட்டே அனுப்புகிறார்கள். வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றை ஈரம் புகாதபடி பசை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரம் புகாது, ரிப்பேர்காரர் கையும் புகாது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. 2021 மார்ச் முதல் அங்கே நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு ஃபிரிட்ஜ் மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுக்கு அதன் தெர்மோஸ்டாட், வெப்ப உணரி, போர்டு ஆகியவை பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கவேண்டும். கதவு ரப்பர் 10 ஆண்டுக்கு. வாஷிங் மெஷின் உதிரிகள் 10 ஆண்டுக்கு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் வந்தது. வேளாண் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். போர்டை இத்தனை ஆண்டு தந்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி எழுதப்படாதவரை, என்னைப் போன்றவர்களுக்கு ‘அந்த மாடலுக்கு வருவதில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். அந்த ஒரு வரியை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். நட்சத்திர முத்திரைக்குப் பக்கத்தில், உதிரி எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற எண்ணையும் ஒட்டச் சொன்னால் கடையில் நிற்கும்போதே நாம் கேட்டு வாங்குவோம்.

ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. ஒயர்களைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போர்டைக் கழற்றச் சொன்னேன். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட் மிச்சம் இருக்கலாம் என்று அவர் வெகுநேரம் காத்திருந்தே கைவைத்தார். அதை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய், ஒரு சந்துக்குள் போர்டு மட்டும் பார்க்கும் இளைஞரிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். சூடாகும் சிப்பை ஒட்டி நின்ற இரண்டு கண்டென்சர்களின் தலை லேசாக உப்பியிருந்ததை என்னிடம் திருப்பிக் காட்டினார். இரண்டையும் மாற்றினார். கூடவே வெடித்திருந்த ஒரு மின்தடையையும் மாற்றி, தடங்களின்மேல் பூச்சு ஒன்றைப் பூசி ஊதிக் காயவைத்தார். 600 ரூபாய். அவர் மாற்றிய சாமான்களின் விலை அதில் நாற்பது ரூபாய்கூட இருக்காது. மீதி அவருடைய கண்ணுக்கு. அதைப் பேரம் பேச எனக்குத் தோன்றவில்லை.

கொடுக்கும்போது போர்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் அன்றைய தேதியை எழுதினார். எதற்கு என்று கேட்டேன். மறுபடி வந்தால் எத்தனை மாதம் ஓடியது என்று தெரியவேண்டும் அல்லவா, அப்போது இந்த இடத்தில் இதைவிட நல்ல கண்டென்சராகப் போடலாம் என்றார்.